கருக்கலைப்பை யார் தீர்மானிப்பது: நீதிமன்றமா, வாக்குப்பெட்டியா?

4 ஆகஸ்ட் 2025 – வாசகர் ஒருவரின் கேள்வி

கருக்கலைப்பு சரியா தவறா என்பதில் மனிதர்கள் ஒருநாளும் ஒத்துப்போகப் போவதில்லை. அப்படியிருக்க, ஐந்து பேரோ ஒன்பது பேரோ நீதிபதி இருக்கையில் அமர்ந்துகொண்டு ஒரு நாட்டுக்கே இதைத் தீர்மானிப்பது எப்படி ஜனநாயகமாகும்? மக்களிடமே விட்டுவிட வேண்டும். பெரும்பான்மை சொல்வது சட்டமாக வேண்டும். தோற்றவர்கள் அடுத்த தேர்தலுக்குக் காத்திருக்க வேண்டும். 2022-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செய்தது இதைத்தானே? மறுப்பவர்கள் காரணம் சொல்லட்டும்.

4 ஆகஸ்ட் 2025, இரவு

மறுக்கிறேன், காரணமும் சொல்கிறேன். மக்களிடம் விடுவது என்றால் எந்த வழியாக, எந்தச் சட்டம் நடப்பில் இருக்கும்போது என்பதைச் சொல்லாமல் இந்த வாதம் ஓர் அடிகூட நகராது. 1973 ஜனவரி 22 அன்று ரோ எதிர் வேட் வழக்கில் ஏழு நீதிபதிகள், இருவரின் மறுப்போடு, கருக்கலைப்பை அரசியல் சாசன உரிமை என்றார்கள். 2022 ஜூன் 24 அன்று டாப்ஸ் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அதை நீக்கி, மக்களிடமும் அவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளிடமும் விஷயத்தைத் திருப்பித் தருவதாக எழுதினார்கள். ஆனால் அதையடுத்துத் தலைதூக்கிய சட்டங்களில் சில, இன்று உயிரோடிருக்கும் எவரும் வாக்களித்து உருவானவை அல்ல. விஸ்கான்சினில் 1849-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று மீண்டும் செல்லுபடியாகிவிட்டது என்ற அச்சத்தில் கருக்கலைப்புச் சேவையே நின்றுபோனது; அந்தச் சட்டம் செல்லாது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 2025 ஜூலை வரை ஆனது. அரிசோனாவில், அது மாநிலமாவதற்கு முன்பு, 1864-இல் இயற்றப்பட்ட சட்டம் செல்லும் என்று 2024 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அடுத்த மாதத் தொடக்கத்தில் சட்டமன்றம் அவசரமாக அதை நீக்கியது. அந்த 1849-ஆம், 1864-ஆம் ஆண்டு அவைகளைத் தேர்ந்தெடுத்தவர்களில் ஒரு பெண்கூடக் கிடையாது. அத்தகைய சட்டத்தின் கீழ் இன்றைய பெண் ஒருத்தியை நிறுத்திவிட்டு, இதுதான் மக்களின் முடிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். டாப்ஸ் தீர்ப்பு வந்த சில வாரங்களில், 2022 ஆகஸ்ட் 2 அன்று, பழமைவாதிகளின் கோட்டை என்று பெயரெடுத்த கான்சஸ் மாநிலத்தில் கருக்கலைப்பு உரிமையை மாநில சாசனத்திலிருந்து நீக்கும் திருத்தத்தை ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள். ஆகவே மக்கள்மீது இந்த வாசகர் வைத்திருக்கும் நம்பிக்கையோடு எனக்குச் சண்டையில்லை. மக்கள் பெயரைச் சொல்லி எதையெல்லாம் கடத்திவிடுகிறார்கள் என்பதில்தான் என் கவலை.

5 ஆகஸ்ட் 2025

பெரும்பான்மை என்றால் எவ்வளவு? ஒஹையோவில் 2023 நவம்பரில் கருக்கலைப்பு உரிமைக்கான சாசனத் திருத்தம் சுமார் 57 விழுக்காடு வாக்குகளோடு வென்றது. அதற்கு முன்பே, அதே ஆண்டு ஆகஸ்டில், இனிச் சாசனத்தைத் திருத்த 60 விழுக்காடு வேண்டும் என்று விதியை மாற்ற அங்கே ஒரு முயற்சி நடந்தது. வாக்காளர்கள் அதைத் தோற்கடித்தார்கள். ஃபுளோரிடாவில் அந்த 60 விழுக்காட்டு விதி ஏற்கெனவே இருந்தது. 2024 நவம்பரில் அங்கேயும் 57 விழுக்காடுதான் கிடைத்தது, திருத்தம் விழுந்தது. ஒரே விழுக்காடு ஓரிடத்தில் உரிமையையும் இன்னோரிடத்தில் தடையையும் தந்திருக்கிறது. வாக்குப்பெட்டியை நம்புகிறவர்கள், வாக்கை எண்ணும் விதியை யார் எழுதினார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

7 ஆகஸ்ட் 2025

அயர்லாந்தைக் காட்டி இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். பொதுவாக்கெடுப்பே இதற்கு மருந்து என்பதற்கு அந்த நாடு சான்று என்கிறார்கள். அயர்லாந்து இரண்டு முறை வாக்களித்தது என்பதை இருவருமே விட்டுவிட்டார்கள்.

1983 செப்டம்பரில், கருவில் இருக்கும் உயிருக்கும் தாயின் உயிருக்கும் சமமான உரிமை என்று சாசனத்தில் எட்டாவது திருத்தமாகச் சேர்க்க 66.9 விழுக்காட்டினர் ஆதரவு தந்தார்கள். 2018 மே 25 அன்று அந்தத் திருத்தத்தை நீக்க 66.4 விழுக்காட்டினர் ஆதரவு தந்தார்கள். அளவில் ஏறக்குறைய ஒரே பெரும்பான்மை. திசை மட்டும் நேரெதிர். பெரும்பான்மை சொன்னால் அதுவே சரி என்றால் இவற்றில் எது சரி? இடைப்பட்ட 35 ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதில்தான் எனக்கு அக்கறை.

1983-இல் மக்கள் சாசனத்தில் சேர்த்தது ஒரே ஒரு வாக்கியம். இரண்டு உயிர்களின் உரிமை மோதினால் மருத்துவர் என்ன செய்ய வேண்டும் என்று அந்த வாக்கியம் சொல்லவில்லை, நாடாளுமன்றமும் சொல்லவில்லை. 1992-இல், வல்லுறவால் கருவுற்ற 14 வயதுச் சிறுமி இங்கிலாந்து செல்வதை அரசே உயர் நீதிமன்றத் தடை வாங்கி நிறுத்தியது. அவள் தற்கொலை செய்துகொள்ளும் அபாயம் இருப்பதைக் காரணம் காட்டி உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. தாயின் உயிருக்கு உண்மையான ஆபத்து இருந்தால் கருக்கலைப்பு சட்டப்படி செல்லும் என்றது. அந்தத் தீர்ப்புக்கு ஏற்பச் சட்டம் இயற்றும் வேலையை அடுத்தடுத்து வந்த அரசுகள் தொடாமலே இருந்தன. 2012 அக்டோபரில் இந்தியாவிலிருந்து சென்று அங்கே வாழ்ந்துவந்த பல் மருத்துவர் சவிதா ஹாலப்பனவர், 17 வாரக் கரு நிலைக்காது என்று தெரிந்த பிறகும், கருவின் இதயத்துடிப்பு இருக்கிறது என்ற காரணத்தால் கருக்கலைப்பு மறுக்கப்பட்டு, நோய்த்தொற்று முற்றி 31 வயதில் இறந்தார். அதன் பிறகே, 2013-இல் சட்டம் வந்தது.

1983-இல் வாக்களித்தவர்களை இதற்குக் குற்றம் சொல்ல மாட்டேன். மக்கள் சொல்லிவிட்டார்கள் என்று ஒரு பக்கமும், நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று மறுபக்கமும் ஒதுங்கிக்கொண்ட பிரதிநிதிகளையே சொல்வேன். சாசனத்தின் ஒரு வாக்கியத்துக்கு விளக்கம் காணும் பொறுப்பு இருபது ஆண்டுகளாகப் பேறுகால வார்டின் இரவுப்பணி மருத்துவர்மீது விழுந்து கிடந்தது.

2018-க்கு முன்பு நடந்தது வேறு வகையான வேலை. உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையில், குலுக்கல் முறையில் எடுத்த 99 சாதாரணக் குடிமக்களைக் கொண்ட மன்றம் பல வார இறுதிகளில் கூடி, மருத்துவர்களையும் சட்டம் படித்தவர்களையும் இருதரப்பு இயக்கத்தினரையும் கேட்டது. பிறகு நாடாளுமன்றக் குழு ஒன்று அதை ஆராய்ந்தது. திருத்தம் நீங்கினால் வரப்போகும் சட்டத்தின் வரைவு, 12 வார எல்லை, மூன்று நாள் காத்திருப்பு என்று எல்லாவற்றோடும் வாக்களிப்புக்கு முன்பே வெளியிடப்பட்டது. எதற்கு வாக்களிக்கிறோம் என்று தெரிந்து வாக்களித்தார்கள். மக்களிடம் விடுவது என்பதை நான் ஏற்கும் வடிவம் இது.

8 ஆகஸ்ட் 2025

போர்ச்சுகலைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 1998-இல் பொதுவாக்கெடுப்பு நடந்தது. மிகச் சிறிய வித்தியாசத்தில் எதிர்த்தரப்பு வென்றது. வாக்களித்தவர்கள் மூவரில் ஒருவருக்கும் குறைவு. 2007-இல் மீண்டும் நடந்தது. 59 விழுக்காடு ஆதரவு. அப்போதும் பாதிப் பேர்கூட வாக்களிக்க வராததால் முடிவு சட்டப்படி அரசைக் கட்டுப்படுத்தவில்லை. ஆயினும் நாடாளுமன்றம் அதை மதித்துச் சட்டம் இயற்றியது. பிரதிநிதிகள் பொறுப்பை ஏற்றால் இப்படியும் முடியும்.

12 ஆகஸ்ட் 2025

இதெல்லாம் புத்தக வாதம், நேரில் எதைப் பார்த்தீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

இந்தியாவில் 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தின் எல்லை இருபது வாரமாக இருந்த காலத்தில் நான் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராக இருந்தேன். கருவின் மூளை வளர்ச்சியில் பெருங்குறை இருப்பது இருபதாவது வாரத்தை ஒட்டி எடுத்த ஸ்கேனில்தான் பெரும்பாலும் தெரியவரும். தெரிந்து, இன்னொரு மருத்துவரிடம் காட்டி, மனதைத் தேற்றிக்கொண்டு வருவதற்குள் எல்லை தாண்டியிருக்கும். அப்படி வந்த ஒரு பெண்ணுக்காக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டோம். ஸ்கேன் அறிக்கையின் நகல் தெளிவாக இல்லை என்று பதிவுத்துறை மனுவை எண்ணிடாமல் திருப்பியது. சரிசெய்து கொடுத்து, அவசரம் என்று நீதிபதி முன் முறையிட்டு, பட்டியலில் சேர்த்தோம். நீதிபதி பரிவோடுதான் கேட்டார், மருத்துவக் குழு அமைத்து அறிக்கை தரச் சொன்னார், வாய்தா. அறிக்கை சீலிட்ட உறையில் வந்தது, அதில் கருவின் வயது எங்கள் ஸ்கேன் சொன்னதிலிருந்து மாறுபட்டிருந்தது, விளக்கம் கேட்டார்கள், மறுபடியும் வாய்தா.

அந்தப் பெண் கடைசி வரிசை பெஞ்சில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஸ்கேன் படங்கள் இருந்த பிளாஸ்டிக் உறையை மடியில் குப்புற வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்திருப்பாள். ஒவ்வொரு முறையும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அக்கா, இன்னைக்குச் சொல்லிடுவாங்களா?" அரசுத் தரப்பு வழக்கறிஞர் எதிர்க்கவில்லை, மருத்துவர்கள் எதிர்க்கவில்லை, நீதிபதி எதிர்க்கவில்லை. அந்த அறையில் அவளுக்கு எதிரி என்று ஒருவரும் இல்லை. ஆனாலும் போன ஒவ்வொரு நாளும் அவளுடைய வலியைக் கூட்டிவிட்டே போனது.

அனுமதி கிடைத்தது. மருத்துவமனையில் சேர்க்கும்போது கணவரின் கையெழுத்து வேண்டும் என்றார் மேசையில் இருந்தவர். வயதுவந்த பெண்ணின் சம்மதம் ஒன்றே போதும் என்று சட்டம் சொல்கிறது. அதற்கான படிவம் சி-யில் கணவரின் கையெழுத்துக்கு என்று இடமே இல்லை. படிவத்தை அவர் முன் வைத்து, கணவருக்கு இதில் கோடு போட்டிருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

இதை எழுதுவது இரக்கத்தைத் தூண்டுவதற்காக அன்று. கருக்கலைப்பு விவாதம் உரிமை, உயிர், சாசனம் என்று பெரிய சொற்களில் நடக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணின் சட்டம், நகல் தெளிவாக இருக்கிறதா, அடுத்த வாய்தா எப்போது, எந்த மேசையில் யார் கையெழுத்து கேட்கிறார்கள் என்பதாக இருந்தது. இவற்றை எந்தப் பொதுவாக்கெடுப்பும் தொடுவதில்லை. நீதிமன்றம் வரை வந்தவளுக்கு ஒரு வழக்கறிஞராவது இருந்தார். வர முடியாதவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

13 ஆகஸ்ட் 2025

நேற்று எழுதியதிலிருந்து எழும் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். வாரக் கணக்கு என்பது கேட்பதற்கு அளவுகோல்போல உறுதியாக இருக்கிறது, அது அப்படியில்லை. கர்ப்பத்தின் வயதை மருத்துவர்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். ஆகவே ஆறு வாரத் தடை என்று அமெரிக்க மாநிலங்கள் சில இயற்றியிருப்பது, மாதவிடாய் தவறி இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்து, முடிவெடுத்து, மருத்துவரிடம் சேர்ந்துவிட வேண்டும் என்பதாகிறது; சுழற்சி சீராக இல்லாதவளுக்கு அந்த இரண்டு வாரமும் கிடையாது. ஜெர்மனியின் 12 வாரம் கருத்தரித்த நாளிலிருந்து எண்ணப்படுவதால், இதே கணக்கில் அது 14 வாரம். நாடாளுமன்றத்தில் எண்ணைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுகிறவர்கள், எண்ணத் தொடங்கும் நாளைப் பற்றி ஒரு நிமிடம் பேசினால்கூடப் பல பெண்களுக்கு அது வாழ்வா சாவா என்ற வித்தியாசமாக இருக்கும்.

17 ஆகஸ்ட் 2025

இந்த இழையில் வந்தவற்றில் மிகக் கனமான எதிர்வாதம் இது: "பெண்ணுக்கு வாக்கு இருக்கிறது, வழக்கறிஞர் இருக்கிறார். கருவுக்கு இரண்டும் இல்லை. வாக்கில்லாதவர்களைப் பெரும்பான்மையிடமிருந்து காப்பதற்குத்தானே சாசனம்?" எழுதியவர் மதத்தை இழுக்கவில்லை, யாரையும் பழிக்கவில்லை. இதற்கு அதே கண்ணியத்தோடு பதில் சொல்ல வேண்டும்.

இந்த வாதத்தை ஒரு நீதிமன்றம் முழுமையாக ஏற்று நடந்திருக்கிறது. மேற்கு ஜெர்மனி 1974-இல் முதல் 12 வாரக் கருக்கலைப்பைத் தண்டனையிலிருந்து விலக்கிச் சட்டம் இயற்றியது. 1975 பிப்ரவரியில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மனித உயிரை அரசே தரம் பிரித்து அழித்த நாஜி ஆட்சியின் நினைவு அந்தத் தீர்ப்பில் வெளிப்படையாகவே இருக்கிறது. இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு, கிழக்கில் 1972 முதல் நடப்பில் இருந்த தாராளச் சட்டத்தையும் மேற்கின் கடுமையையும் பொருத்த வேண்டியிருந்தது. 1993-இல் அதே நீதிமன்றம் கருவின் உயிரைக் காப்பது அரசின் கடமை என்ற நிலையிலிருந்து இறங்காமல், ஆனால் அந்தக் கடமையைத் தாயோடு சேர்ந்துதான் நிறைவேற்ற முடியும், தாய்க்கு எதிராக நின்று முடியாது என்றது. அதிலிருந்து பிறந்த 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆலோசனை பெற்றுச் சான்றிதழ் வாங்கி, குறைந்தது மூன்று நாள் இடைவெளி விட்டு, 12 வாரத்துக்குள் செய்துகொண்டால், அது சட்டவிரோதமே, ஆனால் தண்டனை இல்லை.

முதன்முதலில் படித்தபோது இது கோழைத்தனமான சமரசம் என்று தோன்றியது. பல ஆண்டு கழித்து இப்போது படிக்கும்போது, மற்ற நாடுகள் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் இரண்டு கேள்விகளை ஜெர்மானியர்கள் பிரித்திருப்பது தெரிகிறது. கருக்கலைப்பைப் பற்றி ஒரு சமூகம் என்ன நினைக்கிறது என்பது ஒன்று. அதற்காக அரசு யாரைச் சிறையில் அடைக்கலாம் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு மனிதர்கள் காலமெல்லாம் வாதிடட்டும். அந்த வாதத்தில் எதிர்ப்பவரின் மனசாட்சிக்கு என் மனசாட்சிக்கு உள்ள அதே மதிப்பு உண்டு. இரண்டாவது கேள்வியில் போலீசும் வழக்கும் சிறையும் நடுவே வருகின்றன. அங்கே, இந்தத் தண்டனை உண்மையில் எந்த உயிரைக் காத்தது என்று காட்டும் பொறுப்பு தண்டிக்கக் கேட்பவரைச் சேரும். ருமேனியாவில் 1966-இல் சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் ஆட்சி மக்கள்தொகையைப் பெருக்கக் கருக்கலைப்பைத் தடை செய்தது. பிறப்பு விகிதம் சிறிது காலம் ஏறி மீண்டும் இறங்கியது. 1989 டிசம்பரில் தடை நீங்கும் வரை ஆயிரக்கணக்கான பெண்கள் ரகசியக் கருக்கலைப்பில் இறந்தார்கள். வாக்கில்லாத கருவின் பேரில் பேசுகிறவர் இந்தக் கணக்கையும் ஏற்க வேண்டும்.

ஜெர்மன் வழியை நான் அப்படியே ஏற்பதாகவும் கொள்ள வேண்டாம். சட்டவிரோதம் என்ற முத்திரை இருப்பதால் பொதுவாக மருத்துவக் காப்பீடு செலவை ஏற்பதில்லை. மருத்துவக் கல்வியிலும் இது ஓரமாகவே கிடக்கிறது. தண்டனை இல்லை என்பதால் தடை இல்லை என்று ஆகிவிடாது.

21 ஆகஸ்ட் 2025

சட்டமன்றங்களின் பக்கம் வருவோம். இந்த விஷயத்தில் கட்சிகள் கொறடா உத்தரவைத் தளர்த்தி, உறுப்பினர்களை மனசாட்சிப்படி வாக்களிக்க விட்ட இடங்களிலெல்லாம் விவாதத்தின் தரம் உயர்ந்திருக்கிறது என்பது என் கணிப்பு. பிரிட்டனின் 1967-ஆம் ஆண்டுச் சட்டம் டேவிட் ஸ்டீல் என்ற இளம் உறுப்பினர் கொண்டுவந்த தனிநபர் மசோதா. பிரான்சில் 1974-இல் சுகாதார அமைச்சர் சிமோன் வேய், ஆண்களே நிறைந்திருந்த அவையில், தம் அரசை ஆதரித்தவர்களிலேயே பெரும்பகுதியினர் எதிர்த்தபோது எதிர்க்கட்சி வாக்குகளோடு மசோதாவை நிறைவேற்றினார். அதே பிரான்ஸ் 2024 மார்ச் 4 அன்று 780-க்கு 72 என்ற வாக்கில் இந்தச் சுதந்திரத்தைத் தன் சாசனத்திலேயே எழுதியது. அர்ஜென்டினாவில் 2018-இல் செனட் 38-க்கு 31 என்று மசோதாவைத் தோற்கடித்தது. 2020 டிசம்பர் 30 அன்று 38-க்கு 29 என்று நிறைவேற்றியது. தோற்றவர்கள் தெருவிலும் அவையிலும் வாதிட்டு வென்றார்கள். முதலில் கேள்வி எழுப்பிய வாசகர் சொல்லும் ஜனநாயகம் இங்கே சரியாகவே வேலை செய்திருக்கிறது.

ஆனால் சட்டமே இல்லாமலும் ஒரு ஜனநாயகம் இருக்க முடிகிறது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1988-இல் பழைய தண்டனைப் பிரிவை நீக்கியது. அரசு புதிய மசோதா கொண்டுவந்தது; மக்களவையில் தேறியது; 1991 ஜனவரியில் செனட்டில் 43-க்கு 43 என்று சமமாக நின்று விழுந்தது. அன்றிலிருந்து அங்கே கருக்கலைப்புக்கென்று குற்றவியல் சட்டம் கிடையாது. மற்ற எந்தச் சிகிச்சையையும்போல மருத்துவ நெறிகளே அதை ஆள்கின்றன. நாடு சீர்குலைந்துவிடவில்லை. தென்கொரியாவில் 2019-இல் சாசன நீதிமன்றம் தடையைச் சாசனத்துக்குப் பொருந்தாதது என்று அறிவித்து, 2020 இறுதிக்குள் புதுச் சட்டம் இயற்றச் சொன்னது, நாடாளுமன்றம் இயற்றவில்லை, தண்டனைப் பிரிவு காலாவதியானது. குற்றம் நீங்கியது நல்லதே. ஆனால் எங்கே, எந்த முறையில், யார் செலவில் என்ற ஏற்பாடு எதுவும் இல்லாமல் பெண்களும் மருத்துவர்களும் தாமாகவே வழி தேட வேண்டியிருந்தது. கனடாவில் பொது மருத்துவ அமைப்பு அந்த வெற்றிடத்தை நிரப்பியது. கொரியாவில் அப்படி நிரம்பவில்லை.

போலந்தை விட்டுவிட்டீர்களே என்று கேட்கும் முன் சொல்கிறேன். அங்கே 2020 அக்டோபரில் சாசனத் தீர்ப்பாயம், கருவில் கடுமையான குறை இருந்தால் அனுமதி என்ற விதியை நீக்கியது, தெருக்கள் நிறைந்தன, 2023 தேர்தலில் ஆட்சி மாறியது. ஆயினும் 2024 ஜூலையில், கருக்கலைப்புக்கு உதவுகிறவர்களைத் தண்டிப்பதை நிறுத்தும் மசோதா 218-க்கு 215 என்று கீழவையில் தோற்றது. தேர்தலில் வென்றவர்களின் கூட்டணிக்குள்ளேயே அதற்கு வாக்கு போதவில்லை.

22 ஆகஸ்ட் 2025

மருத்துவரின் மனசாட்சி பற்றிக் கேட்டவருக்கு. விலகும் உரிமை மருத்துவருக்கு உண்டு என்றே நானும் கருதுகிறேன். ஆனால் இத்தாலியில் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைத் தந்ததில், இன்று அங்கே மகப்பேறு மருத்துவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் விலகி நிற்கிறார்கள். சட்டம் உரிமை என்று சொல்வதைத் தேடிப் பெண்கள் ஊர் ஊராக அலைகிறார்கள். 1981 பொதுவாக்கெடுப்பில் அந்தச் சட்டத்தைக் காத்தவர்கள் 68 விழுக்காடு. விலகுகிறவர் யார் என்பதைப் போலவே, விலகாதவர் எங்கே கிடைப்பார் என்பதையும் உறுதி செய்வது அரசின் வேலை.

28 ஆகஸ்ட் 2025

பெண் என்று தெரிந்தே கருவைக் கலைக்கும் கொடுமையைப் பற்றிப் பேசாமல் உரிமையை மட்டும் பேசுகிறேன் என்று ஒருவர் கடிந்திருக்கிறார். பேசாமல் விட முடியாதுதான். தன் முடிவு என்று ஒரு பெண் சொல்வதற்குள்ளேயே மாமியாரின் குரலும் வரதட்சணைக் கணக்கும் ஒளிந்திருக்கக்கூடும் என்பதை நான் வழக்குக் கட்டுகளில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தியாவின் 1994-ஆம் ஆண்டுப் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது கருக்கலைப்பைத் தொடவில்லை. கருவின் பாலினத்தைக் கண்டு சொல்வதைத் தடை செய்தது. கருவியைப் பதிவு செய்யச் சொன்னது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் படிவம் எழுதச் சொன்னது. சொல்கிற மருத்துவரையும் கேட்கிற குடும்பத்தையும் தண்டிக்கிறது. கர்ப்பிணியைக் கணவரோ உறவினரோ கட்டாயப்படுத்தியதாகவே, மாறாக நிரூபிக்கப்படும்வரை, நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்கிறது. அமலாக்கத்தில் எத்தனையோ ஓட்டைகள் இருக்கலாம். ஆனால் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர்மீது தண்டனையை வைக்க வேண்டும் என்ற புரிதல் அதில் இருக்கிறது. 17-ஆம் தேதி நான் பிரித்த இரண்டு கேள்விகளில் இரண்டாவதற்கு நம் சட்டப் புத்தகத்திலேயே கிடைக்கும் நல்ல விடை இது.

3 செப்டம்பர் 2025

இந்தியாவில் இந்த விஷயம் தேர்தலில் பேசப்படுவதே இல்லையே, அது நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு என் பதில்: இரண்டும். கட்சிக் கொடிகளில் ஏறாததால் அமெரிக்காவைப் போல வீட்டுக்கு வீடு பிளவு வரவில்லை. 1964-இல் அமைந்த சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரையில் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் பெரிய எதிர்ப்பின்றி வந்தது. ஆனால் எந்த உறுப்பினரும் தொகுதியில் நின்று விளக்க வேண்டியிராததால், அது பெண்ணின் உரிமையைச் சொல்லும் சட்டமாக இல்லாமல், நல்லெண்ணத்தோடு கருக்கலைப்பு செய்த மருத்துவர் குற்றவாளி ஆகமாட்டார் என்று உறுதிகூறும் சட்டமாக அமைந்தது. உரிமை என்ற பேச்சைப் பின்னர் நீதிமன்றங்கள் கொண்டுவந்தன: 2009-இல் பெண்ணின் இனப்பெருக்கத் தேர்வு தனிமனித சுதந்திரத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நான் பார்த்தது போன்ற மனுக்கள் குவிந்த பிறகு, 2021-இல் நாடாளுமன்றம் குறிப்பிட்ட பிரிவினருக்கு எல்லையை 24 வாரமாக்கியது; கருவில் பெருங்குறை இருந்தால் மருத்துவ வாரியத்தின் முடிவுக்கு வார எல்லை இல்லை என்றது. 2022 செப்டம்பர் 29 அன்று, திருமணமாகாதவர் என்பதற்காக ஒருவரை அந்த 24 வாரப் பிரிவிலிருந்து ஒதுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு அக்டோபரிலேயே, 26 வாரக் கர்ப்பத்தில் வந்த திருமணமான பெண்ணுக்கு, முதலில் அனுமதி தந்து, பின் இரு நீதிபதிகளும் மாறுபட்டு, இறுதியில் மூவர் அமர்வு மறுத்தது. நீதிமன்றமா நாடாளுமன்றமா என்று கேட்பவர்கள் இந்த வரிசையைப் பார்க்கட்டும். ஒன்று தட்டியதால் இன்னொன்று திறந்திருக்கிறது, திறந்த இடத்தில் மறுபடி ஒரு சுவர் தெரிகிறது.

சுவர் எதுவென்றால், 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 312-ஆவது பிரிவு. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் அதன்படி குற்றவாளி. 1971-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு ஒரு விலக்கு மட்டுமே. 2023 டிசம்பரில் அந்தப் பழைய சட்டத்தையே மாற்றி பாரதிய நியாய சன்ஹிதா நிறைவேறியபோது, எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பலர் இடைநீக்கத்தில் வெளியே இருந்தார்கள். இந்தப் பிரிவு 88 என்ற புது எண்ணோடு, அந்தப் பெண்ணையும் குற்றவாளியாக்கும் விளக்கத்தோடு, அப்படியே உள்ளே வந்துவிட்டது. அதே மரபில் பிறந்த 1861-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டம் தன் கருவைக் கலைத்துக்கொள்ளும் பெண்ணுக்கு ஆயுள் தண்டனைவரை விதிக்க இடம் தந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெண்களை இனி அதன்கீழ் வழக்குக்கு இழுக்கக் கூடாது என்று 2025 ஜூன் 17 அன்று பிரிட்டிஷ் மக்களவை, கொறடா கட்டுப்பாடு இன்றி, 379-க்கு 137 என்று வாக்களித்தது. மருத்துவர்களுக்கான எல்லைகளை அவர்கள் தொடவில்லை. பெண்ணை மட்டும் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்க வாக்களித்தார்கள்.

கேள்வி கேட்ட வாசகர் தம் தொகுதி உறுப்பினரைச் சந்திக்கும் வாய்ப்பு வந்தால், கருக்கலைப்பு சரியா தவறா என்று கேட்க வேண்டாம். 88-ஆவது பிரிவின் விளக்கத்திலிருந்து பெண்ணை நீக்கும் தனிநபர் மசோதா வந்தால், கொறடா இல்லாமல் எந்தப் பக்கம் வாக்களிப்பீர்கள் என்று கேட்கட்டும். நானும் என் தொகுதியில் அதைத்தான் கேட்கப் போகிறேன்.